நாற்பது டிகிரி

தையலுக்குள் மடங்கிக் கிடக்கிற லேபிளில்
வாளி படம், அதற்குள் நாற்பது என்ற எண்.
முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி.
இஸ்திரிப் பெட்டிக்கும் அதே தண்டனை.
ஏதோ குளிர்நாட்டுக் குழந்தைக்கென்று தைத்தது.
பட்டன் ஒன்று கோணலானதால் தள்ளுபடியாகி
காதர்பேட்டை செகண்ட்ஸ் கடை வழியாக
என் மகள் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கோணலைக் கண்டுபிடித்துச்
சிவப்பு அம்பு ஒட்டியவன்
நானாகவும் இருக்கலாம்.
செக்கிங் மேசையில் நாளைக்கு அறுநூறு உருப்படி.
ஒவ்வொன்றாய் ஞாபகம் வைக்க முடியாதுங்க.

சித்திரை பிறந்த வாரம்
கவின்மதியின் தொடையிடுக்கு
வெந்த தக்காளியாய்த் தோலுரிந்தது.
டாக்டர் களிம்பு எழுதினார்,
"காத்தாட விடுங்க" என்றார்.
வைஜெயந்தி ராவெல்லாம் அட்டையால் விசிறிவிட்டு
எட்டு மணி ஷிப்டில்
ஓவர்லாக் மேல் குனிந்தபடியே தூங்கிப்போனாள்.
விரலுக்கு ஒன்றுமில்லை. நூல்தான் அறுந்தது.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
பதினொரு மாதம், நாளுக்கு ஆறு:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது டயப்பர்.
பெட்டிக்கு நாற்பத்தெட்டு வீதம் கட்டினால்
நாற்பத்தொரு பெட்டி, பன்னிரண்டு உதிரி.
முதல் பிறந்தநாளுக்கு முன்பே
என் மகள் அனுப்பிய ஷிப்மென்ட்.
போய்ச் சேர்ந்த துறைமுகம்
பாலத்துக்குக் கீழே, நொய்யலில்,
கறுப்புக் கவர் கிழிந்து, ஊதிப் பெருத்து,
கொக்கும் ஒதுங்கி நிற்கிற இடம்.
சாயப்பட்டறைக்காரனை வைது பேசுகிறவன் நான்,
டீக்கடையில், சத்தமாகவே.

துணிக்கு மாறியபோது தண்ணியை மறந்துவிட்டேன்.
நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா.
போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது,
காய்ந்தால் அப்பளம்.
முதல் வாரம் மூன்று தரம் ஒழுகிற்று:
பாயில், பேங்க் பாஸ்புக்கில்,
சீர் கொண்டுவந்த மச்சினனின் புது வேட்டியில்.
"ஏனுங்க, இந்தக் கூத்தெல்லாம் நமக்கு வேணுமா?"
வைஜெயந்தி கேட்டாள், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

அலசுவது என் பங்கு என்று ஒப்பந்தம்.
பைப்படியில் குந்தி நான் மஞ்சள் போக்கும்போது
காம்பவுண்டு ஆம்பளைகள் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு
பாக்காத மாதிரி பார்த்தார்கள்.

கடைசி வீட்டு சஞ்சுக்தா
கொடிக்கு அடியில் வந்து நின்றாள்.
பாலேஸ்வர் பக்கம் ஊர், நிட்டிங்கில் ஹெல்பர்.
யானைப் படத்தை, பட்டன் வரிசையை,
உள்ளே திணிக்கிற பட்டையைத் தடவிப் பார்த்து
"எவ்ளோ ரூபா?" என்றாள்.
சொன்னேன். சிரித்தாள்.
கிலோ கணக்கில் விற்கிற கட்டிங் வேஸ்டை மடித்துத்தான்
அவள் பையனுக்குக் கட்டுகிறாள், பிறந்ததிலிருந்து.
விட்டுவிட்டு மாறுவதற்கு
அவளிடம் எதுவும் இருந்ததில்லை.

மறுநாள் ஒரு பட்டை கொண்டுவந்தாள்.
இன்டர்லாக் துணி, ஆறு மடிப்பு,
ஓரம் மட்டும் ஓடிய தையல்.
செக்கிங்கில் வந்திருந்தால்
நூல் பிசிறுக்காகவே தள்ளியிருப்பேன்.
யானைக்குள் திணித்தோம். விடியும்வரை ஒழுகவில்லை.
பதிலுக்கு ஒரு யானையைக் கொடுத்தோம்.

பழனிக்கு பஸ் ஏறிய அன்றைக்கு
கடையில் ஒரு பாக்கெட் வாங்கினோம்.
ஐப்பசியில் அடைமழை பிடித்தாலும் வாங்குவோம்.
மறைக்க ஒன்றுமில்லை.

நாற்பது டிகிரிக்கு
அந்த ஊரில் கரண்ட் செலவழிக்க வேண்டுமாம்.
இங்கே மத்தியானம் ஒரு மணிக்கு
மொட்டைமாடி டேங்கின் குழாயைத் திறந்தால்
லேபிள் கேட்டதைவிடக் கூடவே வரும்.
வாளியில் விட்ட கையை வெடுக்கென்று எடுக்கிறேன்.
கொடியில் ஏழு யானை.
எட்டாவது, கடைசி வீட்டுக் கொடியில்.
கதவைப் பிடித்துக்கொண்டு
அம்மணமாக, காத்தாட நிற்கிறாள் கவின்மதி.
நான் பிழிந்து நிமிர்வதற்குள்
சற்றுமுன் துடைத்த சிமெண்டுத் தரையில்
ஒரு சின்ன ஆற்றை ஓடவிட்டு
அது போகிற பக்கத்தை
உற்றுப் பார்க்கிறாள்.