மஞ்சள் கோடு

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும்
ஒரு சத்தம் என்றார் மாதேஸ்வரி.
எப்படி என்று கேட்டேன்.
குருவி என்பார்கள் சிலர், கிரைண்டர் என்பார்கள்.
அவர் கொஞ்சம் யோசித்து,
"சரியா உட்காராத பல்செட்டோட
முறுக்கு திங்கற மாதிரி" என்றார்.

ராயக்கோட்டை ரோட்டில் அவருக்குப் பல் லேப்.
தருமபுரி, சேலம் கிளினிக்குகளுக்கு
யார் யாருடைய கடைவாயோ
டப்பா டப்பாவாய்
இந்தச் சான்ட்ரோவில்தான் போகிறது.

ஆனி மாதம். வெளியே
கூழ் ஃபேக்டரிக்கு மாங்காய் லாரிகள் வரிசை.
ஷெட்டுக்குள் ஈ.
டிரைவர் பக்கச் சக்கரத்தைக் கழற்றி
என்ஜினுக்கு அடியில் ஜாக்கி, ஜாக்கிமேல் கட்டை,
கவரைத் திறந்தால்
பெல்ட் புதுசு.
மாசியில் நான் மாட்டியது.
டென்ஷனரை விரலால் சுண்டினேன்.
நல்ல பேரிங் கிரீஸின் கனத்தில்
சட்டென்று நின்றுவிடும்.
இது நிற்காமல் சுற்றியது,
உள்ளே மணல் அரைபட.

துணியால் துடைத்தேன்.
போல்ட் தலையிலிருந்து தகடு வரை
ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு.
முடுக்கியது நான் என்பதற்கு நான் போடும் கோடு.

மாசியில் என்ன நடந்தது என்பது
எனக்கு மறக்கவில்லை.
டென்ஷனர் ஓசூரிலிருந்து வர மறுநாள் ஆகும்,
மறுநாள் பர்கூரில் கல்யாணம்.
பழசைச் சுற்றிப் பார்த்தேன்.
பரவாயில்லை என்றது.
அது சொன்னதா,
நான் சொன்னேனா.

இப்போது போன் போட்டதும்
பன்னிரண்டரை மணி ஓசூர் பஸ்ஸில்
கண்டக்டர் சீட்டுக்கு அடியில் வந்துவிட்டது.
இம்தியாஸ் போய்
முப்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தான்.
இவ்வளவுதான் தூரம்.

கேம் புல்லியின் குறி நேர் மேலே,
கிராங்க் குறி அதன் இடத்தில்.
ஸ்பிரிங்கை மாட்டி
இரண்டு போல்ட்டையும் தளர விட்டேன்.
டென்ஷனர் தானாக நகர்ந்து
பெல்ட்டின்மேல் சாய்ந்தது.
எனக்குப் பிடித்த இடம் இது.
எவ்வளவு இழுக்கட்டும் என்று
ஸ்பிரிங் யாரையும் கேட்பதில்லை.
கையால் இரண்டு முழுச் சுற்று,
குறிகள் திரும்ப வந்து சேர்கின்றனவா என்று பார்த்து
அதன்பின் முடுக்க வேண்டும்.
அவசரப்பட்டு முன்னால் முடுக்கினால்
அவசரம் உள்ளேயே தங்கிவிடும்.

மூன்று மணிக்கு வந்தார்,
முழங்கை வரை பிளாஸ்டர் வெள்ளை.
பெல்ட்டைக் குனிந்து பார்த்து,
"இதுல ஒரு பல் தாண்டினா?"
"வால்வும் பிஸ்டனும் இடிக்கும்."
"கடி மாறிடும்" என்று தலையாட்டினார்.
"நாங்க நீலத்தாளைக் கடிக்கச் சொல்லுவோம்.
எங்க இடிக்குதோ அங்க கறை விழும்."

எனக்குத் தாள் தேவைப்படவில்லை.
பழைய டென்ஷனரை அவர் கையில் வைத்தேன்.
"மாசியிலயே மாத்தியிருக்கணும்.
மாத்தாம விட்டது நான்."

காதருகே வைத்துச் சுற்றினார்.
மறுபடியும் சுற்றினார்.
"போன வாரம் தொப்பூர் இறக்கத்துல
முன்னாடி ஒரு லாரி, பின்னாடி ஒரு லாரி"
என்றவர் நிறுத்திக்கொண்டார்.
மீதியை இருவருமே கேட்டோம்.

பில்லில் டென்ஷனர் என்று எழுதி
எதிரே வெறும் கோடு போட்டேன். கூலிக்கும் கோடு.
பேனாவை வாங்கி அடியில் அவரே எழுதினார்:
பஸ் கண்டக்டர், 30.
மூன்று பத்து ரூபாய்த் தாள்களை வைத்துவிட்டுப் போனார்.
நன்றி இல்லை, திட்டும் இல்லை.

மறுநாள் ஆறேமுக்காலுக்கு அவர் போன்.
வாயில் பேஸ்ட் நுரையோடு எடுத்தேன்.
பேச்சே இல்லை.
பானெட்டுக்கு மேலே போனை நீட்டியிருக்க வேண்டும்:
சாவி திரும்பியது, ஒரு சின்ன இருமல்,
பிறகு என்ஜின்,
அதற்குள் எங்கோ ஒரு சேவல்.
நுரையைத் துப்பாமலே நின்று கேட்டேன்.

பழையதை அவர் திருப்பித் தரவில்லை.
லேப்பில், அச்செடுத்த தாடைகளுக்கு நடுவே
எங்காவது இருக்கும்,
தகட்டில் தங்கிவிட்ட
என் பாதிக் கோட்டோடு.