தோற்றவர் டீ

பாம்பன் தெற்குவாடியில்
பேட்டரித் தராசு என்னுடையது.
கூடை ஏறுமுன் ஆளுக்கொரு எண் சொல்வார்கள்.
தோற்றவர் டீ வாங்கித் தரவேண்டும்.

செங்கோல், விசைப்படகு முதலாளி,
தன் நண்டு என்றால் முப்பத்திரண்டு கிலோ என்பார்.
அதே கூடையை
அடுத்தவன் படகில் வந்தது என்று
ஒருநாள் நீட்டினேன்:
இருபத்தாறு.
இருபத்தெட்டே முக்கால் காட்டியது தராசு.
அதற்குப் படகு கிடையாது, கடன் கிடையாது.

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
அவரைக் கேட்டால்
'அரை வருஷம் கும்பிக்கு இல்லாம கிடந்தோம்' என்பார்.
அவர் படகுக்குப் பெயின்ட் அடித்தவனோ
'அதுக்குள்ளயா முடிஞ்சுது' என்றான்.

ஏலம் எடுக்கும் பிரகாசிக்கு
மற்றவர் கணவாய் எப்போதும் குறைவாகத் தெரியும்.
குவியலின் தலையில்
சிங்கி இறால் ஒன்று மீசையை ஆட்டிவிட்டால் மட்டும்
அடியில் கிடக்கிற காரப்பொடிகூட
அவள் கண்ணுக்குக் கனத்துவிடும்.

என் கை அப்படியல்ல.
கால் கிலோவுக்கு மேல் தவறியதில்லை.
பதினோரு வருஷத்தில்
ஒரு டீக்கும் காசு கொடுத்ததில்லை.

ஆடியில் ஒரு ராத்திரி, கச்சான் ஓங்கிய நேரம்,
ஏழு வள்ளம் திரும்பவேண்டும்.
ஒன்றில் என் மச்சினன் லூர்தன்.
கரையில் நின்று வெளிச்சத்தை எண்ணினேன்.
ஆறு.
கண்ணைத் துடைத்துவிட்டு எண்ணினேன்.
ஆறுதான்.
'ஏழு இருக்குய்யா' என்றாள் பிரகாசி.
அவளுக்கு அதில் ஆளில்லை.
பொய்க்காரி என்று கத்தினேன்,
மூணு மணி நேரமா நிக்கிறேன் எனக்குத் தெரியாதா என்றேன்.
அவள் செல்போனைத் திருப்பிக் காட்டினாள்.
ஐம்பது நிமிஷம்.

ஏழும் வந்தன.
இடுப்பளவுத் தண்ணியில் லூர்தன் இறங்கி
கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு
ஏதோ திட்டியபடி நடந்து வந்தான்.

'எவ்வளவு இருக்கும்?' பிரகாசி கேட்டாள்,
வழக்கம்போல, ஒன்றுமே நடக்காததுபோல.
நாற்பது என்றது என் வாய்.

பதினொன்று நானூறு.

'கூடையக் கழிச்சியா?'
'கழிச்சாச்சு.'
பொத்தானை மறுபடி அமுக்கினேன், நம்பாமல்.
பதினொன்று நானூறு.
சீலாக்குட்டி கொஞ்சம், ஊளி நாலு,
மிச்சமெல்லாம் பாசி.

அன்றைக்கு டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்,
மூன்று பேருக்கும்.
'சீனியக் கொட்டிட்டியேப்பா' என்றேன் கடைக்காரனிடம்.
'என்னைக்கும் போடுற ஒரு கரண்டிதாண்ணே' என்றான்.
லூர்தன் தன் கிளாசை ஒரு மடக்கு குடித்துவிட்டு
சப்பென்று இருக்கிறது,
இன்னும் கொஞ்சம் போடு என்றான்.