நீலக் கொடி

தார்த்து நகரின் ஓரத்தில்
பழைய பால்பொடித் தொழிற்சாலை.
இப்போது அதற்குள் குட்டிக் கார்கள் சுற்றுகின்றன.
நவம்பர், மாலை நாலு மணி, வெளியே இருட்டியாயிற்று.
காப்பீட்டு நிறுவனத்தின் விபத்துப் பிரிவு,
எட்டுப் பேர், வரிசையாய்க் கையெழுத்திடுகிறோம்:
கை போனாலும் கால் போனாலும்
பொறுப்பு எங்களுடையதே.
பதினோரு வருடமாக அடுத்தவர் படிவங்களில்
இந்த வரியைத்தான் தேடிப்பிடித்துக்
காசு மறுத்துவருகிறேன்.
இன்று படிக்காமலே போட்டேன்.

தலைக்கவசத்துக்குள் யாரோ ஒருவரின்
சனிக்கிழமை வியர்வை.
எனக்கு ஏழாம் எண் வண்டி.
இருக்கை என்று சொல்ல முடியாது, ஒரு தட்டு;
தரைக்கும் எனக்கும் நடுவே நாலு விரல்.
முழங்காலை எங்கே வைப்பது என்றேன்.
"இடம் இருக்கிற இடத்தில்" என்றான் கொடிப் பையன்.
வலது மிதி ஓட, இடது மிதி நிற்க,
இரண்டையும் சேர்த்து மிதிக்காதீர்கள்.
பாடம் முடிந்தது.

முதல் சுற்றில் இரண்டையும் சேர்த்து மிதித்தேன்.

ஹில்யே,
ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவள்,
காப்பி இயந்திரத்தின் பொத்தானைக்கூட
மன்னிப்புக் கேட்டுத் தொடுபவள்,
என் இடதுபுறம் சீறிக்கொண்டு போனாள்.
எனக்குக் கை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது,
யாராவது கேட்டிருந்தால்
மாரெத் என்கிற பெயரும் அதிர்ந்தே வந்திருக்கும்.

மூன்றாம் வளைவில் அந்தப் பையன்
நீலக் கொடியை ஆட்டினான்.
எனக்காகவா!
ஒரு கையை எடுத்து நானும் ஆட்டினேன்.
அடுத்த சுற்றில் இன்னும் வேகமாய் ஆட்டினான்,
நானும் இன்னும் வேகமாய்.
அதற்கடுத்த சுற்றில் துள்ளித் துள்ளி ஆட்டினான்.
பக்கத்து வீட்டாருக்கே வருடத்தில் இரண்டு முறைதான்
தலையசைப்போம் இந்த ஊரில்.
இவ்வளவு பிரியத்தை நான் பார்த்ததேயில்லை.

பிறகு பின்சக்கரத்தில் ஓர் இடி.
இடித்தவர் மேலாளர் ஐவார்.
சுழன்று, டயர்ச் சுவரில்
பின்பக்கமாய்ப் போய்ச் செருகிக்கொண்டார்.
ஒரு முழுச் சுற்று முடித்து வருகிறேன்,
இன்னும் அங்கேயே, எதிர்த்திசை பார்த்தபடி.
கண்ணாடி மூடிக்குள் இரண்டு கண்கள்.
சம்பள உயர்வு பேசிய நாளில்கூட
இத்தனை நேராக என்னைப் பார்த்ததில்லை அவர்.
பின்னால் வந்தவர்மேல் எண்பது சதவீதம் என்று
மனம் பழக்கத்தில் கணக்குப் போட்டது.
மீதி இருபது என்மேல்.
ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ஒன்பதாம் சுற்று,
எண்ணைப் பிறகுதான் காகிதத்தில் பார்த்தேன்,
வளைவுக்குள் மிதியை விடவே இல்லை.
தைரியம் ஒன்றுமில்லை, மறந்துவிட்டேன்.
பின்பக்கம் வழுக்கியது.
வண்டி ஒரு கணம் யோசித்தது.
பிறகு நான் பார்த்த பக்கமே வந்தது.
தலைக்கவசத்துக்குள் யாரோ கத்தினார்கள்.
அங்கே வேறு ஆள் கிடையாது.

எட்டாம் இடம்.
ஹில்யே முதலிடம்; மேடையில் ஏற்றினோம்,
மூட்டு வலிக்கிறது, இறக்குங்கள் என்றாள்.
பட்டாணி சூப் தந்தார்கள்.
பாதி மேசையில், கொஞ்சம் என் மடியில்:
விரல்கள் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை.
கெர்த்துதான் சொன்னாள்,
நீலம் என்றால்
வேகமாய் வருபவருக்கு வழிவிடு என்று அர்த்தமாம்.
மேசையே சிரித்தது.
ஐவார் மட்டும் கொஞ்சம் தாமதமாய்ச் சேர்ந்துகொண்டார்.

வாசலில் பனி விழத் தொடங்கியிருந்தது.
கொடிப் பையன் சிகரெட்டோடு நின்றான்.
என்னைக் கண்டதும்
வெறுங்கையை உயர்த்தி ஆட்டினான்.
நான் சட்டென்று ஓரமாய் ஒதுங்கி
வழிவிட்டேன்.