நாலு குவாட்டரும் முப்பதும்

காரணம்பேட்டை நால்ரோட்டில்
தகரக் கூரை போட்ட ஆபீஸ்.
ஒரு மேசை, இரண்டு போன், நான்.
வெளியே மூன்று லாரி.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
பன்னிரண்டாயிரம் லிட்டர் என்று எழுதியிருக்கிறது.
எழுதியதை யாரும் அளந்ததில்லை.

சாயப்பட்டறைக்காரர் கிலோலிட்டரில் கேட்பார்.
பன்னிரண்டு என்பேன்.
மூன்று சைபர் போனது போல
விலையிலும் ஒரு சைபர் போகாதா என்பார்.
பழைய மில்லின் தொட்டி இன்னும் கேலனில் பேசும்:
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
அந்த வாட்ச்மேனுக்கு நான் சொல்வது ஒரே வார்த்தை,
"ரொம்பும்."

லைன் வீட்டு ரங்கநாயகிக்குக் குடம்தான் கணக்கு.
ஒரு லோடு எண்ணூறு குடம் என்றேன்.
"எந்தக் குடமுங்க?"
நியாயமான கேள்வி.
அவளுடைய பச்சைக் குடம் பதினைந்து பிடிக்கும்.
எதிர்வீட்டு நசுங்கிய குடம் பதிமூன்றே முக்கால்.
அந்த ஒன்றேகாலில்தான்
வாரத்துக்கு ஒரு சண்டை.

கல்யாண வீட்டிலிருந்து போன்:
"ஒரம்பரை ஐநூறு பேருங்க, பாத்துப் போட்டு உடுங்க."
மனிதரை லிட்டராக்க என்னிடம் வாய்ப்பாடு உண்டு.
மாப்பிள்ளை வீட்டார் என்றால்
தலைக்கு ஒரு சொம்பு கூட.

ரிக்கு வண்டி பொன்னரசு இஞ்சியில் சொல்வான்.
"ஆயிரத்து நூறு அடியில ஒன்னரை இஞ்சி."
நீளத்தை வைத்து நீரை எப்படி அளப்பது?
தகரத்தில் முக்கோணமாக வெட்டி
அதில் வழியும் உயரத்தைப் பார்ப்பானாம்.
எனக்கு வேண்டியது ஒன்றுதான்,
லாரி ரொம்ப எத்தனை மணி நேரம்?
"அது கரண்டைப் பொறுத்து."

லோடு இல்லாத ஒரு மத்தியானம்
பேப்பரில் அணை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு டி.எம்.சி.யை லாரியாக மாற்றிப் பார்க்கத் தோன்றியது.
கால்குலேட்டரில் இடம் போதவில்லை,
பேனாவில் முடித்தேன்:
இருபத்து மூன்று லட்சத்து அறுபதாயிரம் லாரி.
பம்பரோடு பம்பர் நிறுத்தினால்
எந்த ஊர் வரை போகும் என்று ஆரம்பித்து
டீசல் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

மூன்றாவது லாரி காளியண்ணன்.
கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு
செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூரில் டயாலிசிஸ்.
மற்ற நாள் வண்டியில்.
தண்ணீர், நாளுக்கு எழுநூற்றைம்பது மில்லி,
டீ, மோர், ரசம் எல்லாம் அதற்குள்.
டாக்டரம்மா எழுதிய சீட்டை
என் மேசையில் வைத்தார்.
"மில்லியெல்லாம் பிடிபடலீங்க.
குவாட்டர்ல சொல்லுங்க."

குடியை விட்டு ஆறு வருசம்.
அளவு மட்டும் கையை விட்டுப் போகவில்லை.
நூற்றெண்பதால் வகுத்தேன்.
நாலு குவாட்டர், மிச்சம் முப்பது.
"முப்பது மாத்தரைக்கு" என்று
அவரே ஒதுக்கிக்கொண்டார்.
காலிப் பாட்டில் நாலைக் கழுவி ரொப்பி
சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.
"போலீசு புடிச்சா மோந்து பாக்கட்டுமுங்க."

அவர் போன பிறகு
யாரும் கேட்காத கணக்கொன்றும் போட்டேன்.
அவர் ஓட்டும் ஒரே ஒரு லோடு,
நாளுக்கு முக்கால் லிட்டர் வீதம்
பதினாறாயிரம் நாள் வரும்.
நாற்பத்து நாலு வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு.
அவருக்கு இப்போது ஐம்பத்தொன்று.
தாளைக் கிழித்துப் போட்டேன்.
பில் புக்கு. அடியில் கார்பன் இருந்தது.

நேற்று சாமளாபுரத்துப் பட்டறையில்
ஓஸ் கழன்று முகத்தில் அடித்ததாம்.
செருப்பு சளக் சளக்கென
ஆபீசுக்குள் வந்து நின்றார்.
துண்டும் நனைந்திருந்தது, துடைக்க வழியில்லை.
"வாய்க்குள்ள ஒரு மடக்குப் போயிருச்சுங்க.
அத எதுல எழுதறது?"

சாமளாபுரம் பில்லில்
பன்னிரண்டாயிரம் என்று ஏற்கெனவே போட்டாகிவிட்டது.
அதிலேயே இருக்கட்டும் என்றேன்.