பதினேழாம் எண் பலகை

விடிவதற்குள் வந்துவிட்டது கப்பல்.
சுவெட்டன்ஹாம் துறையில் பதினான்கு மாடி உயரத்துக்கு
கடலை மறைத்துக்கொண்டு நிற்கிறது.
என் கையில் ஒரு பலகை. பதினேழு.
முப்பத்தொரு பேர் அதே எண்ணை மார்பில் ஒட்டிக்கொண்டு
கண்ணைச் சுருக்கியபடி வெயிலுக்குள் இறங்குகிறார்கள்.

பூங்கோதை அவர்கள் வாய்க்குள் நுழையவில்லை.
பூ என்று கூப்பிடலாமா, என்கிறார் ஒருவர்.
பின்னாலிருந்து சிரிப்பு.
அவர்கள் மொழியில் அதற்கு என்ன பொருளென்று
எனக்குத் தெரியும்.
என் மொழியில் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.
கூப்பிடுங்கள், என்கிறேன்.

நான்கரை மணி நேரம்.
அதற்குள் இருநூறு வருஷத்தைக் காட்டி
ஆளுக்கொரு செண்டோலும் குடிக்க வைத்துத்
திருப்பி அனுப்ப வேண்டும்.

மணிக்கூண்டு அறுபது அடி,
ராணி ஆண்ட வருஷத்துக்கு ஓரடி.
யுத்தத்தில் குண்டு விழுந்து கொஞ்சம் சாய்ந்தது.
எல்லோரும் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள்,
நேராகிவிடுகிறது.
ஆர்மீனியன் வீதியில் சைக்கிள் நிஜம், பிள்ளைகள் சுவரில்.
பின்னால் ஏறிக்கொள்வதுபோல் படமெடுக்க
அரை மணி நேர வரிசை.
சூ ஜெட்டியில் யார் வீட்டு வாசலிலோ
படமெடுக்காதீர் என்ற அறிவிப்பு.
அதைப் படமெடுக்கிறார்கள்.
கொடிமலைக்கு நேரமில்லை.
அதோ, அந்த மேகத்துக்குள், என்று கை காட்டுவேன்.
பாதிப் பேர் போய்வந்ததாகவே ஊரில் சொல்வார்கள்.

கடைசியாகக் கோட்டை.
சண்டையே பார்க்காத கோட்டை,
கடலைப் பார்த்தபடி ஒரு கிழட்டுப் பீரங்கி.
செரி ரம்பாய்.
இந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும்.
எட்டு வருஷமாகத் தாழ்த்துகிறேன்:
டச்சுக்காரர் ஜொகூருக்குக் கொடுத்தது,
அச்சேக்காரர் பிடுங்கிக்கொண்டது,
கை மாறிக் கை மாறி ஒருநாள் கடலடியில் கிடந்தது.
கயிறு கட்டி இழுத்தும் அசையாமல்
பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வந்ததாம்.
(இரண்டு விநாடி விட வேண்டும்.)
பிள்ளை வேண்டும் பெண்கள்
இதன் வாயில் பூ வைப்பார்கள்.
(சிரிப்பார்கள். ஆண்கள் முதலில்.)

இன்று ஒருத்தி சிரிக்கவில்லை.
முப்பத்தைந்து இருக்கும்.
தொப்பி விளிம்பைத் திருகியபடி கேட்டாள்:
பலிக்குமா, பூ?

இதற்கொரு தயார் பதில் உண்டு.
எல்லாம் நம்பிக்கைதான் மேடம்.
சொல்ல வாயெடுத்தேன்.

ஐந்து வருஷம் முன்பு, கப்பல் வராத ஒரு செவ்வாய்க்கிழமை.
சற்குணன் அக்கரையில், பட்டர்வொர்த்தில்,
கிரேனில் உட்கார்ந்து பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.
அவனிடம் சொல்லவில்லை.
பாசார் வீதியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன்,
உள்ளூர்க்காரர் விலையில் ஒரு டிக்கெட்.
காசுக்கு நான் சொல்லும் கதைக்கு
நானே பூ வைக்கப் போனேன்.
வெண்கலம் கொதித்தது.
வாய்க்குள் யாரோ போட்ட ஐஸ்கிரீம் குச்சி.
அதை எடுத்துப்போட்டுவிட்டு வைத்தேன்.
பெயர்கூட யோசித்து வைத்திருந்தோம்,
ஆணென்றாலும் பெண்ணென்றாலும் பொருந்துகிற மாதிரி.
கடலைப் பார்த்து, யாருமில்லாத நேரமாக,
ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன்.

ஒரு பெர்ரி போயிற்று.

எனக்குத் தெரியாது, என்றேன் அவளிடம்.
சீருடையில் நான் சொன்ன முதல் தெரியாது.

பேருந்தில் ஏறியவர்களை எண்ணினேன். முப்பது.
திரும்பினால் அவள்
கோட்டைச் சுவரோரம் உதிர்ந்து கிடந்த செம்பக்கா பூக்களை
ஒவ்வொன்றாக ஊதி மண் தட்டித்
தொப்பியில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.
பலகையைத் தாழ்த்தி
கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்ரான் ஹாரன் அடித்தார்.
கப்பல் காத்திருக்காது கா, என்று கத்தினார்.

பொறுங்கள்,
இன்னும் ஓர் ஆள் வரவேண்டும், என்றேன்.