வாட்கின்ஸ் குடும்பம்

முகாம் மைதானம் முழுவதையும் ஒரு சபை எடுத்திருந்தது.
ஒரே ஓர் இடம் காலி என்றார் வாசலில் நின்றவர்,
பதினான்காம் எண்.
பிள்ளைகளுக்கு அம்மை போட்டு
கடைசி நேரத்தில் வராமல் போன வாட்கின்ஸ் வீட்டாருடையது.
இருட்டிக்கொண்டு வந்தது.
அடுத்த ஊர் எண்பது கிலோமீட்டர்.
சரி என்றேன்.

அட்டையை யாரும் கழற்றவில்லை.
'வாட்கின்ஸ் குடும்பம், ஐவர்',
ஓரத்தில் கிரேயானில் ஒரு திமிங்கிலம்.
ஆக, நியூசிலாந்தின் அந்த வடகரையில்
மூன்று நாள்
நான் ஒருத்தியே ஐந்து பேர்.
ஐந்து கிண்ணம் தந்தார்கள், ஐந்து பாட்டுத்தாள்.
வெள்ளி இரவு பாத்திரம் கழுவும் முறை வாட்கின்ஸுக்கு.
நூற்றிருபது தட்டு.
ஐந்து பேர் வேலையை ஒருத்தி செய்வது
எனக்கொன்றும் புதிதில்லை என்றேன்.
துண்டோடு வந்து நின்ற மராயியா
சிரிக்காமல் தலையாட்டினாள்.

ஜனவரி அங்கே கோடை.
பொஹுத்துக்காவா மரம் தன் சிவப்பு இழைகளை
கேட்காமலே காப்பியில் உதிர்த்தது.
அலை இறங்கியதும் சபை மொத்தமும் முழங்கால் நீரில் நின்று
குதிகாலால் மணலைத் திருகும்.
காலடியில் சிப்பி தட்டுப்படும்.
தூரத்திலிருந்து பார்ப்பவர்
இவர்கள் ஆராதனை இப்படித்தான் போலும் என்று நினைப்பார்.
பக்கத்தில் திருகிக்கொண்டிருந்த பிப்புக்கு ஏழு வயது,
முன்பல் இல்லை, வீடு இரண்டு.
நீலக் கூடாரத்தில் அப்பா டங்கன்.
பச்சையில் அம்மா ரோவீனா.
நடுவில் பதினான்கு.
வாட்கின்ஸ் வீட்டாரை அங்கே நிறுத்தியதில்
யாருக்கோ ஒரு யோசனை இருந்திருக்கிறது.

ஒலிபெருக்கியில் ஜெபித்தவர்
நிமிடத்துக்கு ஆறுமுறை 'நாம்' என்றார்.
அல்லது 'நாங்கள்' என்றார்.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்,
நான் உள்ளேயா வெளியேயா, தெரியவில்லை.
என் மொழியில் இப்படி மழுப்ப முடியாது என்றேன்,
'நாங்கள்' என்றால் அங்கேயே கதவு சாத்தியாயிற்று.
எங்களுக்கும்தான், என்றாள் மராயியா,
தாத்தோ, மாத்தோ.
தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு,
அதிலும் இரண்டே பேருக்கென்று தனிச்சொல் இருக்கிறது.
தாஉவா.
நீயும் நானும், வேறு ஆளில்லை.
அப்படி ஒன்று தமிழில் உண்டா?
தேடினேன். கை நுரைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சனி இரவு கடல் பக்கமிருந்து காற்று.
முதலில் போனது நீலக் கூடாரம்.
கம்பு முறிந்த சத்தத்துக்கு நான் எழுந்து வரும்போது
ரோவீனா இரவு உடையில், ஒரு காலில் மட்டும் பூட்ஸ்,
டங்கனுடைய கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு
மணலில் மல்லாந்திருந்தாள்.
பிப்பை என் கூடாரத்தில் போட்டுவிட்டு
நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.
போகிறது, நம்மைவிட்டுப் போகிறது, என்று கத்தினாள்.
'நம்மை' என்று நானாகத்தான் போட்டுக்கொள்கிறேன்.
முக்கால் மணி நேரம்.
அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம்
இழு, விடு, இழு, ஐயோ என் விரல்.

காலையில் கடல் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.
பதின்வயதுப் பையன் ஒருவனை
மூக்கைப் பிடித்து முக்கி எடுத்தார்கள், எல்லோரும் கைதட்டினோம்.
பிறகு கூடாரங்களை மடித்தோம்.
அவர் தன்னுடையதை, அவள் தன்னுடையதை.
என் பாய்க்கு அடியில் ஒரு மரச் சுத்தியல் கிடந்தது,
முளை அடிப்பது, கைப்பிடியில் பழைய பச்சை நாடா.
யாருடையது என்று தூக்கிக் காட்டினேன்.
இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில்
அதே ஒற்றை ஆங்கிலச் சொல் வந்தது.
வாங்கிக்கொள்ள மட்டும் இருவரும் வரவில்லை.

பிப் வந்தாள். வாங்கிக்கொண்டு நடந்தாள்.
எந்தப் பக்கம் போனாள் என்று நான் பார்க்கவில்லை.
கிண்ணங்களை எண்ணித் திருப்பித் தர வேண்டியிருந்தது.
நாலுதான் இருந்தன.