சங்கிலி பிடித்தவன் சொன்னது

அந்தக் கோடை முழுக்க
கேப்டன் காலிக்ஸ்ட் வெரேஷ்கோவுக்குச் சங்கிலி பிடித்தேன்.
இரும்பு, நூறு கண்ணி.
ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில்,
நடுவில் போலேசியச் சதுப்பு,
முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர்.

உடுப்பு ஜாருடையது. பொத்தானில் இரட்டைத்தலைக் கழுகு.
போலிஷ் பேசுவது கருவியிடம் மட்டும்:
"அசையாதே, கண்ணே" என்பார்
மட்டக்குழாயின் குமிழியிடம்.
எனக்கு விரல் சொடுக்கு.

ஆல்டர் காட்டுக்குள் ஒரு பாதை.
தண்ணீருக்கு ஒரு சாண் கீழே
எங்கள் ஆட்கள் கட்டை அடுக்கிப் போட்டது.
வரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது,
மாடு மேய்க்கிறவன் காலுக்குத் தெரியும்.
நான்தான் காட்டினேன். பதினைந்து கோபெக்.
மயிரிழைக் கோடாக வரைந்து, பக்கத்தில் பொடியெழுத்தில் குறித்து
எனக்கும் படித்துக் காட்டினார்:
"காலாட்கள் ஒருவர் பின் ஒருவராக. குதிரை ஆகாது."
அந்தப் படத்துக்குப் பீட்டர்ஸ்பர்கில் பதக்கம் கிடைத்ததாம்.

ஆறு வருடம் கழித்து, ஜனவரி இரவில்
கதவைத் தட்டினார்.
பொத்தான்களை அறுத்திருந்தார்; நூல் துருத்திக்கொண்டு நின்றது.
மெழுகுவர்த்தியில் ஒரு தாளை வாசித்தார்:
உழுகிறவனுக்கே நிலம்.
"உங்கள் அப்பாவுடையதுமா?" என்றேன்.
வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, "அதுவும்."
அந்த வெகுநேரத்தை நான் மறக்கவில்லை.
ஆனாலும் போனேன்.

எண்பது பேர், முப்பது துப்பாக்கி.
மற்றவர்களுக்குப் புல்லறுக்கும் நெட்டரிவாள்,
கொல்லன் நிமிர்த்திக் கொடுத்தது.
தோட்டா சுருட்ட மார்த்சியான்னா,
நாட்டுக்குத் துக்கம் காத்துக் கறுப்புடுத்திய தையல்காரி.
பல்வலியால் இரவெல்லாம் அழுத மருந்துக்கடைப் பையன் ஒருவன்.
கேப்டன் தன் கம்பளியை அவனுக்குக் கொடுத்துவிட்டு
நடந்தே விடிய வைப்பார்.

மே மாதம், சதுப்புக்கு நடுவே மணல்திட்டு.
"இங்கே எவனும் வரமாட்டான்" என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.

விடியலில் வந்தார்கள்.
ஒருவர் பின் ஒருவராக.
குதிரைகளைக் கரையில் கட்டிவிட்டு.

தொலைநோக்கியை இறக்காமல் பார்த்தார்,
தன் கையெழுத்தைத் தானே படிக்கிறவரைப் போல.
"என் படம்" என்றார்.
அப்போதுதான் சொன்னேன்:
வடக்கே இன்னொரு பாதை உண்டு.
அன்று காட்டவில்லை. பதினைந்து கோபெக்குக்கு ஒன்றுதான்.

சிரித்தார். சத்தமாக, தலையை அண்ணாந்து.
துப்பாக்கிக்காரர் ஒன்பது பேரோடு அங்கேயே நின்றுகொண்டார்.
நாங்கள் நாற்பத்தொரு பேர் வெளியேறினோம்.
பல்வலிக்காரன் அந்த நாற்பத்தொன்றில் இல்லை.

நிலம் பின்னால் கிடைத்தது. ஜார் கொடுத்தான்,
எங்களை அவர்களிடமிருந்து பிரிக்க.
அளக்க வந்த புது ஆளுக்கும்
நானே சங்கிலி பிடித்தேன். வேறு யார் பிடிப்பது?

பதினோராம் வருடம் இர்குத்ஸ்கிலிருந்து ஒரு கடிதம்.
கோயில் எழுத்தன் இரண்டு முட்டைக்குப் படித்தான்:

"ஒனுஃப்ரி, கால் விலங்கை எடுத்துவிட்டார்கள்.
ஏரிக்கரையை அளக்கச் சொல்கிறார்கள்.
வழிகாட்டி ஒரு புரியாத்துக் கிழவன், மீன் பிடிக்கிறவன்.
ஒரு துறையைக் காட்டாமல் சுற்றிக் கூட்டிப்போகிறான்.
நான் கேட்கவில்லை."

"எந்தத் துறை?" என்றான் எழுத்தன்.
தெரியாது என்றேன்.